சிக்னலுக்குப் பாடு வைத்த பிள்ளைகள்

அந்தக் கோடை விடுமுறையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு நீண்ட நோட்டை நிரப்பியதுதான். சாயங்காலம் ஆனால் ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். சமூக அறிவியல் பாடத்துக்கு இணையத்தில் என்னென்ன கிடைக்கிறது என்று தேடித் தேடி எழுதிக்கொண்டே இருப்பேன். இருந்த இடத்திலிருந்தே நாடாளுமன்றத்துக்குள் நடந்து பார்க்கலாம். பழைய காலத்துக் காசைத் திரையில் புரட்டி இரண்டு பக்கமும் பார்க்கலாம். செயற்கைக்கோள் படத்தில் எங்கள் வீட்டைக்கூடத் தேடிக் கண்டுபிடித்தேன். மாடியில் காயவைத்த மிளகாய் சிவப்பாகத் தெரிகிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அது பக்கத்து வீட்டு ஓடுடி" என்றார்.

இவ்வளவு ஆர்வத்துக்குக் காரணம் இருந்தது. ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்கு ஆறு டேப் வரப்போவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றிலும் சிம் கார்டு உண்டு. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டமாக க்யூஆர் கோடு அச்சடித்திருக்கும், அதை டேப்பின் கேமராவுக்குக் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ திறக்கும். வீடியோ முடிந்ததும் பத்துக் கேள்வி வரும். எட்டாம் வகுப்பின் பதினெட்டுப் பிள்ளைகளும் ஆறு பாடங்களுக்கு அந்தக் கேள்விகளை ஆன்லைனில் முடித்திருக்க வேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு முன் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். ஒரு பிள்ளை குறைந்தாலும் ஆறு டேப்பும் வேறு பள்ளிக்குப் போய்விடும். இதுதான் ஏற்பாடு.

பதினெட்டுப் பேர்தானே, என் வகுப்பு, என் பாடம், ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு இந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

பள்ளி பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி, லைட்ஹவுஸ் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குப்பத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல், மணல்மேல் பள்ளி. நான் காலையில் ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் பாதியிலேயே என் போனில் சிக்னல் செத்துவிடும். அதன் பிறகு சாயங்காலம் திரும்பி வரும்வரை அது மணி பார்க்க மட்டும்தான் உதவும். டேப்பில் இருந்த சிம் வேறு கம்பெனி, அதற்குக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

கிடைத்தது, ஆனால் வகுப்பறையில் இல்லை. முதல் நாள் ஆறு டேப்பையும் பிரித்துப் பூசை போடாத குறையாக மேசைமேல் வைத்து, என் நோட்டை விரித்துக்கொண்டு, "இன்றைக்கு நாம் நாடாளுமன்றத்துக்குள் போகப் போகிறோம்" என்றேன். ஆறு திரைகளிலும் ஆறு வட்டங்கள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. பிள்ளைகள் பொறுமையாகப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி, எப்போதும் ஜடையை வாயில் கடித்துக்கொண்டிருப்பவள், "மிஸ், கதவு சாத்திக்கீது போல" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் பிள்ளைகளே டேப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளி முழுக்க அலைந்து சிக்னல் கிடைக்கிற இடங்களைக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் ஆறு. மாடிக்குப் போகும் படிக்கட்டில் அருமையாகக் கிடைத்தது. அடுத்து, காம்பவுண்டுக்கு வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஃபைபர் படகின் முதுகு. அப்புறம் குழாயடி, கேட்டு, சத்துணவுக்கூடத்தின் பின்சுவர். கடைசியாக எங்கள் வகுப்பறை ஜன்னல். ஜன்னலில் சிக்னல் இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறது, இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நான் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்தவள். எதையும் பங்கு பிரிக்க வேண்டும் என்றால் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பதினெட்டுப் பேரை மூன்று மூன்று பேராக ஆறு செட்டாக்கினேன். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு டேப், ஓர் இடம். சாக்பீஸால் கோடு போட்டு, செட் எண்ணும் எழுதிவிட்டேன். யாரும் யார் கோட்டையும் தாண்டக் கூடாது. மிகவும் ஒழுங்கான ஏற்பாடு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சண்டை. படிக்கட்டு செட் இரண்டு பாடம் முடித்திருந்தது. ஜன்னல் செட் அதே வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழாயடியில் காலையில் வந்த சிக்னல் மதியம் கேட்டுக்குப் போய்விட்டது, அதனால் குழாயடிக்காரர்கள் கேட்டுக்கோட்டைத் தாண்டினார்கள். கேட்டுக்காரர்கள் சட்டையைப் பிடித்தார்கள். நான் ஓடிப்போய் இரண்டு பக்கமும் நாலு சத்தம் போட்டு, கோட்டை அழித்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜன்னல் செட்டில் இருந்த அந்த ஜடைக்காரி வந்து என் முன்னால் நின்றாள்.

"மிஸ், சிக்னல் இன்னா கழனியா, வரப்பு போட? அது மீனு மாறி. ஒரு நாளு இங்க, ஒரு நாளு அங்க. இதுக்கு பாடு வெச்சாதான் மிஸ் ஒயுங்கா வரும்."

கோபத்தில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம் என்பது அன்று ரயிலில் திரும்பும்போது புரிந்தது.

பாடு என்பது இந்த ஏரிக்காரர்களின் பழைய ஏற்பாடு. ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான், முகத்துவாரத்துக்குக் கிட்டே இருப்பவை. அவற்றை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஊர் கூடிப் பெயர்களை வரிசையாக எழுதி, இன்று இவருக்கு இந்த இடம், நாளை அவருக்கு அந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் கிடைத்தவர் மறுநாள் சுமாரான இடத்துக்குப் போவார். தன் முறையில் மீன் விழவில்லை என்றால் அது அவர் நேரம், அடுத்தவர் முறையில் கை வைக்கக் கூடாது. இதையெல்லாம் எட்டு வருடம் அந்தக் குப்பத்தில் வேலை பார்த்தும் நான் அரைகுறையாகத்தான் தெரிந்துவைத்திருந்தேன். உள்ளாட்சி பாடத்தை மட்டும் புத்தகத்தில் உள்ளபடி ஆண்டுதோறும் நடத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள், "சரி, ஒரு வாரம் பார்க்கலாம். ஒத்துவரவில்லை என்றால் மறுபடி என் கோடுதான்" என்றேன்.

"கோடெல்லாம் வாணாம் மிஸ், ஒரு சார்ட்டு மட்டும் குடுங்க" என்றான் லீடர். வகுப்புத் தலைவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மார்க்கில் முதல், பேச்சிலும் முதல்.

சார்ட்டில் அவர்கள் எழுதிய விதிகளை நான் இன்றும் மறக்கவில்லை. ஆறு செட்டும் ஆறு இடமும் தினம் ஒன்றாகச் சுற்றும். செட்டுக்குள் யார் டேப்பைக் கையில் பிடிப்பது என்பதும் சுற்றும். பாட்டரி தீர்ந்தால் அந்த செட்டின் தலையெழுத்து. சண்டை போட்டால் ஒரு முறை போச்சு. இடத்தை யாருக்கும் விட்டுத்தரக் கூடாது, கேட்கவும் கூடாது. ஏன் அப்படி என்று கேட்டேன். "ஒரு தபா குடுத்தா அப்பால தெனம் கேப்பாங்க மிஸ். பலமா இருக்கறவன் கேட்டுகினே இருப்பான்" என்றான் லீடர். நன்கு யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். ஏரியில் இந்த வரிசையில் பெண்கள் பெயர் இருப்பதில்லை, இங்கே ஒன்பது பெண் பிள்ளைகளின் பெயரும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேச்சுக்கூட எடுக்கவில்லை.

இன்னொரு விதி கடைசியில் இருந்தது: ‘கொழம்புக்குக் குடுக்கணும்.’ கரைக்குப் படகு வந்ததும், அன்றைக்கு ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் கரையில் நிற்கிறவர்களுக்கும் குழம்புக்கு என்று நாலு மீன் எடுத்துப் போடுவது அங்கே வழக்கம். அதே மாதிரி, நல்ல இடம் கிடைத்த செட் தான் பார்த்த வீடியோவை, அன்று வட்டம் மட்டும் பார்த்த செட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்ல வேண்டும்.

நான் கொடுத்த ஒரு வாரம் முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. சண்டை நின்றுவிட்டது. அது மட்டுமில்லை, சத்துணவு முட்டை உரிக்கிற நேரத்தில் பள்ளி முழுக்க வரலாறு பேசிக்கொண்டிருந்தார்கள். ஜடைக்காரி பேச ஆரம்பித்தால் மற்ற செட்டுகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். கவர்னர் ஜெனரல் ஒருவர் எப்படிக் கோபித்துக்கொள்வார் என்று அவள் நடித்துக் காட்டியபோது, சோறு போடுகிற அக்கா கரண்டியோடு நின்று பார்த்தார். அந்தக் கவர்னர் ஜெனரல் இடுப்பில் கை வைத்து, ஒரு புருவத்தைத் தூக்கி, "யார் அந்தக் கோட்டை அழித்தது?" என்று கேட்டார். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தேன். நான்தான் அது. எல்லோரும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

வரைபடப் பாடம் நடந்த வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. படிக்கட்டில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, உங்கள் குப்பத்தைக் கண்டுபிடியுங்கள் என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு அவர்கள் படத்தில் தப்பு கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

"மிஸ், இன்னா மிஸ் இது, முகத்துவாரம் இங்க தொறந்துகீது! போன மழைக்கே அது அந்தாண்ட போய்ட்சே!"

"பழைய படம்டா. இதோ பாரு, எங்க மாமாவோட ஃபைபர் போட்டு. அத்த வித்து வருசம் ஆவுது."

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒவ்வொரு சாலைக்கும் பெயர் எழுதியிருந்தது. ஏரி மட்டும் ஒரே நீலமாக, பெயர் இல்லாமல் கிடந்தது. பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் படத்தைக் கரும்பலகையில் பெரிதாக என்னை வரையச் சொல்லி, ஏரிக்குள் அவர்களுக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் எழுதினார்கள். திட்டுகள், ஆழங்கள், வலை கட்டும் இடங்கள், ஒரு காலத்தில் எருமை விழுந்த இடம். பலகை போதாமல் சுவரிலும் எழுதினார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட என் நீண்ட நோட்டில் இல்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆரம்பாக்கம்வரை ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், எதிரே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு முள் தைத்தது. காசு பற்றிய பாடத்துக்குப் பழைய நாணயங்களைக் காட்டலாம் என்று ஒருநாள் படிக்கட்டுக்குப் போய், "பத்து நிமிஷம் டேப்பைக் கொடுங்கள்" என்றேன். படிக்கட்டு செட் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் ஒரு சின்னப் பெண் மெதுவாக, "உங்களுக்குப் பாடு இல்லியே மிஸ்" என்றாள்.

அவள் மரியாதைக்குறைவாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடம், மூன்று வண்டி மாறி வருகிறேன், மழையில் நனைந்து வருகிறேன், உங்கள் டேப்பைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடும் என்று மனசுக்குள் ஒரு பிரசங்கமே ஓடியது. அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது ஜடைக்காரியின் அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"பாடு கேட்டீங்களாமே டீச்சர்?" என்று சிரித்தார். "அது இங்க பொறந்தவனுக்குத்தான். இல்லாட்டி நைனாகிட்ட இருந்து புள்ளைக்கு வரும். வெளியூர்க்காரங்க வந்து எவ்ளோ வருசம் இருந்தாலும் கெடையாது. மீனு வேணா வாங்கிகினு போங்க, பாடு மட்டும் கேக்காதீங்க." சொல்லிவிட்டு ஒரு பையில் நாலு கெண்டை மீனைப் போட்டுக் கொடுத்தார். மறுக்க முடியவில்லை. ரயில் முழுக்க என் பை நாறியது.

செப்டம்பர் வந்தது. ஐந்து பாடம் எல்லோரும் முடித்துவிட்டார்கள். ஆறாவது பாடம் குடியுரிமை. அதிகாரி வரும் தேதி வெள்ளிக்கிழமை என்று தகவல் வந்தது. புதன்கிழமைக்குள் பதினேழு பேர் முடித்துவிட்டார்கள். பதினெட்டாவது ஆள் ஜடைக்காரி. அவள் அக்காவுக்கு ஆந்திரா பக்கம் கல்யாணம், வீட்டோடு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமையும் வரவில்லை. சாயங்காலம் பாலத்தைத் தாண்டியதும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டால் மேளச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு டேப்பும் பெட்டிக்குள் போய் வேறு பள்ளிக்கு வண்டி ஏறுவதைக் கற்பனை செய்துகொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோவிலிருந்து இறங்குகிறேன், கேட்டில் அவள் நிற்கிறாள். இரண்டு கையிலும் மருதாணி, தலை நிறையப் பூ. கட்டிப்பிடிக்காத குறை. அவளைச் சுற்றி வகுப்பே நின்று குடியுரிமை வீடியோவை ஆளுக்கொரு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாள் பாக்கி வைத்திருந்த குழம்பை ஒரே காலையில் ஊற்றினார்கள்.

அப்பாடா என்று சார்ட்டைப் பார்த்தேன். அப்பாடா பாதியிலேயே நின்றது. அன்று அவள் செட்டுக்கு ஜன்னல். படிக்கட்டு லீடர் செட்டுக்கு.

அதிகாரி வந்துவிட்டார். பைக்கை நிறுத்தி, ஷூவுக்குள் போன மணலைத் தட்டிவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்தார். "பதினேழு இருக்கு டீச்சர். இன்னொண்ணு?"

"இதோ சார், இப்போது முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். "இன்றைக்கு ஒருநாள் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இவள் படிக்கட்டுக்குப் போகட்டும். லீடர், நீ ஜன்னலுக்கு வா."

ஒருவரும் அசையவில்லை.

"காதில் விழுந்ததா இல்லையா? டேப் போய்விடும்! ஆறும் போய்விடும்! அப்புறம் எந்தப் பாட்டைக் கட்டிக்கொண்டு அழுவீர்கள்?" என்று கத்தினேன். அதிகாரி காதில் விழுந்திருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் நான் இல்லை.

ஜடைக்காரிதான் பேசினாள். "வாணாம் மிஸ். இன்னைக்கு எங்க பாடு ஜன்னல்தான். நான் அவங்க எடத்துல போய் குந்தமாட்டேன்." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. டேப் போனால் தன்னால்தான் போகும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் போய் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் அவள் பின்னால் நின்று அந்த வட்டத்தை முறைத்தேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே, படிக்கட்டிலிருந்து லீடரின் குரல் வந்தது. "ஏய், கொழம்புக்கு வாங்கிக்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மருதாணி விரலால் திரையில் எதையோ தட்டினாள். வட்டம் மறைந்தது, முதல் கேள்வி வந்து நின்றது. படிக்கட்டு டேப்பில் அவன் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தான். அவனுடைய டேப்பின் நெட் சுவரைத் தாண்டி ஜன்னல் டேப்புக்கு வந்துகொண்டிருந்தது. இடத்தைக் கொடுக்கக் கூடாது என்றுதானே விதி, கிடைத்ததில் கொடுக்கலாமே. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நெட் என்று ஒவ்வொரு டேப்புக்கும் அளவு உண்டு. நாடாளுமன்றத்துக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆறு நாளாகக் காத்திருந்த செட் அவனுடையது. அதைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தான்.

நான் அங்கே நிற்க முடியாமல் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அதிகாரி ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் முடித்துவிட்டாள், பத்துக்கு எட்டு. "குடியுரிமை எப்படி எல்லாம் கிடைக்கும், பார்க்காம சொல்லு" என்றார். அவள் விரல் விட்டுச் சொன்னாள்: "பிறப்பால கெடைக்கும், வம்சாவளியால கெடைக்கும், பதிவு பண்ணிகினா கெடைக்கும், இயல்புரிமையால கெடைக்கும், அப்பால ஒரு ஊரையே நாட்டோட சேத்துகினாலும் கெடைக்கும் சார்."

அவர் சந்தோஷப்பட்டார். சுவரில் இருந்த சார்ட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எந்த இடம் டீச்சர்?" என்றார்.

"எனக்கு இல்லை சார். நான் வெளியூர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை. ஜடைக்காரி ஜடையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அறிக்கையை அங்கேயே அனுப்பிவிடலாம் என்று அதிகாரி போனை எடுத்தார். சிக்னல் இல்லை. படிக்கட்டில் ஏறினார். "சார், எங்க நெட்டு காலி" என்றான் லீடர். "வெளிய கவுத்த போட்டாண்ட கேட்டுப் பாருங்க. இன்னைக்கு அது அவங்க பாடு." அதிகாரி மறுபடி ஷூவில் மணல் ஏற, காம்பவுண்டைச் சுற்றிப் போய், படகின் முதுகில் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகளிடம் அனுமதி கேட்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசிவிட்டு, குழம்புக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். டேப் ஆறும் இந்தப் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று அவர் எழுதிய அறிக்கை அந்தப் படகிலிருந்துதான் போனது.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். அதுவே சந்தேகமாக இருந்தது. வருகைப் பதிவை எடுக்கத் திரும்பியபோது சுவரில் சார்ட் தெரிந்தது. பதினெட்டுப் பெயர்களுக்குக் கீழே, பத்தொன்பது என்று எண் போட்டு, வண்ணப் பென்சிலால் ‘மிஸ்’ என்று எழுதியிருந்தது.

நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "யார் எழுதினது?" என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கவர்னர் ஜெனரல் ஞாபகம் வந்துவிட்டது.

ஜடைக்காரி எழுந்தாள். "பஞ்சாயத்து பேசிட்டோம் மிஸ். நீங்க இங்க பொறக்கல. உங்க நைனாவும் இங்க இல்ல. அதனால மொத ரெண்டும் ஒத்துவரல. மூணாவதுல வந்துட்டீங்க."

"மூணாவதா?"

"பதிவு மிஸ். எழுதிட்டோம் இல்ல?"

லீடர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அவ செட்டுல நாலாவது ஆளு நீங்க. ஆனா விதி விதிதான் மிஸ். புது ஆளு வந்தா சுத்து மொதல்லருந்து, அவங்க செட்டுக்கு மொத நாளு ஜன்னல்."

அன்று என் நீண்ட நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். மருதாணிக் கையோடு ஜடைக்காரி எனக்கு நகர்ந்து இடம் விட்டாள். வட்டம் சுற்றியது, ஒன்றுமே திறக்கவில்லை. மணி அடிக்கும்வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அது என் பாடு.